ரப்பருக்குள் இருக்கும் மரம்

திருக்கோகர்ணத்தில் மாலை நடைக்கு என்னோடு சேர்ந்துகொள்ளும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைப் போலவே பென்ஷன்காரர். போன மாதம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய பேரன் பள்ளியில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறானாம். நன்றாக அடித்து ஆடுகிறான் என்று பயிற்சியாளர் சொல்கிறாராம். ஆனால் கடைக்காரர், "அட்டாக் ஆடுகிற பையன் என்றால் கார்பன் பேட்தான் வேண்டும்" என்று பத்தாயிரத்துக்கு மேலே ஒரு விலை சொல்லியிருக்கிறார். ரப்பர் விலை தனி. "ஒரு மரக்கட்டைக்கு இவ்வளவா சார்? நீங்கள் அந்தக் காலத்தில் ஆடினவர்தானே, சொல்லுங்கள்" என்றார்.

நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். பேரன் பேத்திக்குப் பேட் வாங்கித் தரப்போகிற மற்றவர்களுக்கும் உதவலாம்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். டேபிள் டென்னிஸையும் அந்த மொழியில்தான் முதலில் கற்றேன். நாம் 'பேட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ரப்பர் ஒட்டாத வெறும் கட்டைக்கு 'பிளேடு' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'புவா' என்பார்கள். 'புவா' என்றால் மரம், அவ்வளவுதான். மேலே ஒட்டுகிற ரப்பருக்கு 'ரெவெத்மான்' என்று பெயர். உடுத்துவது என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆக அவர்கள் கணக்கில் ஒரு பேட் என்பது மரமும் அதன் உடுப்பும். இந்தப் பிரிவு மனதில் இருந்தால் கடைக்காரர் பேசுவது பாதி புரிந்துவிடும். அவர் பாதி நேரம் உடுப்பின் பெருமையை மரத்தின் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தொடக்கத்தில் மரமே முக்கியமாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சாப்பாட்டு மேஜை மேல் வலை கட்டி ஆடத் தொடங்கியபோது, பலர் வைத்திருந்த மட்டை, வளையத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டியது. நீளமான கைப்பிடி. பார்த்தால் நம் கஞ்சிராவுக்குக் காம்பு வைத்தது போல இருக்கும். புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கஞ்சிராவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்குத் தகுந்த வாத்தியமாக்கியதும், அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அதைப் பெரும்புகழுக்குக் கொண்டுபோனதும் இந்த ஊர்ப் பெருமை. பலா மரச் சட்டம், மேலே உடும்புத் தோல். இங்கிலாந்தின் அந்தத் தோல் மட்டையும் பந்து பட்டால் 'டொம்' என்று ஒலித்தது. 1900-ஐ ஒட்டி செல்லுலாய்டு பந்து வந்தது. மட்டையில் ஒரு சத்தம், மேஜையில் ஒரு சத்தம். 'பிங்-பாங்' என்ற பெயரே அந்தச் சத்தம்தான்.

பிறகு தோல் போய் வெறும் மரம் வந்தது. சிலர் அதன் மேல் உப்புத்தாளும் கார்க்கும் ஒட்டிப் பார்த்தார்கள். அதற்கும் பிறகு, சிறு சிறு புள்ளிகள் தூக்கிக்கொண்டிருக்கும் ரப்பர் தகடு வந்தது. 1902-இல் ஓர் ஆங்கிலேயர் கடையொன்றில் சில்லறை வைக்கும் ரப்பர் விரிப்பைப் பார்த்து, அதை வாங்கிப்போய் மட்டையில் ஒட்டிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அடுத்த ஐம்பது வருடம் உலகம் முழுக்க ஆடியது அந்தப் புள்ளி ரப்பரில்தான்.

1926-இல் சர்வதேச சம்மேளனம் உருவாகி, அதே வருடம் டிசம்பரில் லண்டனில் முதல் உலகப் போட்டி நடந்தது. இந்தியாவும் அதில் ஆடியது. 1930-களில் ஹங்கேரியின் விக்டர் பார்னா ஐந்து முறை ஒற்றையர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்துப் புள்ளி ரப்பர் மெலிசு. அடியில் பஞ்சு கிடையாது. ஆகவே பந்து ஏறக்குறைய மரத்தின் மேலேயே விழுந்து திரும்பியது. வேகம் வேண்டுமானால் ஆட்டக்காரரின் கைதான் கொடுக்க வேண்டும். என் கணக்கில், அடித்து ஆடுகிறவர் மரத்தை அப்படியே உணர்ந்த கடைசிக் காலம் அது.

அந்தக் காலம் முடிந்தது நம் நாட்டில்தான். இது பலருக்குத் தெரியாது.

1952 பிப்ரவரியில் பம்பாயில் உலகப் போட்டி நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலக டேபிள் டென்னிஸ் போட்டி அது. ஜப்பான் முதல் தடவையாக வந்திருந்தது. அந்த அணியில் ஹிரோஜி சடோ என்று கண்ணாடி போட்ட, சின்ன உருவம் கொண்ட ஒருவர். அவர் பேட்டில் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. பந்து பட்டால் சத்தமே இல்லை. உங்களில் ஆடினவர்களுக்குத் தெரியும், எதிரே இருப்பவர் எவ்வளவு பலமாக அடித்தார் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும். அந்தக் காது இங்கே பயன்படவில்லை. பந்து எப்போது கிளம்பியது, எவ்வளவு வேகம் என்று தெரியாமல் ஐரோப்பாவின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் கோட்சியானைத் தோற்கடித்து சடோ உலகச் சாம்பியன் ஆனார். பெண்கள் அணிக் கோப்பையும், இரண்டு இரட்டையர் பட்டங்களும் ஜப்பானுக்கே போயின.

சடோ திரும்ப உலகப் பட்டம் வாங்கவில்லை. அவர் வழியில் வந்த ஒகிமுரா 1954-லும் 1956-லும் வாங்கினார். அவர் தன் கால்களின் வேகத்தோடு ஸ்பாஞ்சின் வேகத்தைச் சேர்த்துக்கொண்டவர். பழைய ஆட்டக்காரர்களிடமிருந்து புகார் மேல் புகார். தடை செய், அனுமதி கொடு என்று சில வருடங்கள் இழுபறி. கடைசியில் 1959-இல் சம்மேளனம் ஒரு சமரசம் செய்தது. வெறும் ஸ்பாஞ்சு கூடாது. புள்ளி ரப்பர் மட்டும் என்றால் 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ரப்பரும் அதன் கீழே ஸ்பாஞ்சும் சேர்ந்தது என்றால் பசையோடு 4 மில்லிமீட்டருக்குள். இன்றைக்கும் சட்டம் அதுதான்.

மரத்தைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. நாற்பது வருடம் அரசு ஆணைகளோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் எனக்கு அந்த வாசகத்தின் மேல் தனிப் பிரியம். கட்டை எந்த அளவும், எந்த வடிவமும், எந்த எடையும் இருக்கலாம். தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். உள்ளே பசைப் படலத்தில் கார்பன் இழை, கண்ணாடி இழை, அழுத்திய காகிதம் போன்றவற்றை வைக்கலாம். ஆனால் ஒரு படலம் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதம் அல்லது 0.35 மில்லிமீட்டர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. "எது குறைவோ அது" என்று படித்ததும் பயணப்படி பில் ஞாபகம் வந்தது. 6 மில்லிமீட்டர் கட்டையில் 7.5 சதவீதம் 0.45. ஆகவே 0.35-தான் செல்லும்.

'எந்த வடிவமும்' என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மோரேகார்ட் அறுகோணக் கட்டையோடு வந்து 2021 உலகப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வெள்ளி வாங்கினார். சட்டத்தை முழுதாகப் படிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி மரங்கள். அடித்து ஆடுகிறவர்கள் வரலாற்றில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் ஒன்றைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

முதலாவது, ஜப்பானின் ஹினோகி. ஒரு வகை சைப்ரஸ் மரம். நாரா நகரத்துப் பக்கத்தில் ஹோர்யூ-ஜி என்ற பௌத்தக் கோவிலில் 1,300 வருடமாக நிற்கும் கட்டடங்கள் இந்த மரத்தால் ஆனவை. இலேசான மரம், மணக்கும். இதில் கட்டை செய்பவர்கள் பலகைகளை அடுக்கி ஒட்டுவதில்லை. ஒரே துண்டாக 9, 10 மில்லிமீட்டர் தடிமனில் அறுத்து, நீளவாக்கில் ரேகை ஓடும்படி வைக்கிறார்கள். பேனா பிடிக்கிற மாதிரிப் பிடித்து ஆடும் ஜப்பானிய, கொரிய அட்டாக் ஆட்டக்காரர்களின் மட்டை இது. மரம் மெதுவானது, ஆனால் தடிமன் அதிகம். அதனால் பந்து ஒரு கணம் உள்ளே அமுங்குவது போல இருக்கும், பிறகு குண்டு மாதிரி கிளம்பும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கொரியாவின் ரியூ சியுங்-மின் தங்கம் வாங்கியது இப்படிப்பட்ட ஒற்றை ஹினோகிக் கட்டையில்தான். சீனாவின் வாங் ஹாவை அவர் தோற்கடித்த அந்த இறுதி ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேஜையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடி ஓடி வலக்கையாலேயே அடித்தார்.

ஹினோகியின் குறை, ரேகை வழியாகச் சுலபமாகப் பிளந்துவிடும். மேஜை விளிம்பில் ஒரு தரம் இடித்தால் போதும். நெருக்கமான ரேகை உள்ள நல்ல துண்டு முதிர்ந்த மரத்தில்தான் கிடைக்கும். முதிர்ந்த மரம் குறைந்துகொண்டே வருகிறது. விலையும் அப்படி.

இரண்டாவது குடும்பம், ஐரோப்பாவின் ப்ளைவுட். 5 ப்ளை அல்லது 7 ப்ளை. நடுவில் தடித்த, இலேசான மரம். அதன் இரு பக்கமும் குறுக்கு ரேகையில் ஒரு தகடு. அதற்கு மேலே மறுபடி நேர் ரேகையில் ஒரு தகடு. வெற்றிலையை மாற்றி மாற்றி அடுக்குவது போல, ஒன்று பிளக்கப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். ஸ்வீடனில் 1940-களில் தொடங்கிய ஸ்டீகா கம்பெனியின் கட்டைகள் இதில் பேர்போனவை.

ஐரோப்பியக் கட்டை என்று சொல்கிறோமே தவிர, மரங்கள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. நடுவில் இருப்பது பெரும்பாலும் 'அயூஸ்'. கேமரூனில் அந்தப் பெயர். அதே மரம் ஐவரி கோஸ்டில் 'சாம்பா', கானாவில் 'வாவா', நைஜீரியாவில் 'ஒபேச்சே'. பிரெஞ்சுப் பூகோளப் புத்தகத்தில் இந்த நாடுகளின் பட்டியலை மனப்பாடம் செய்தபோது, அங்கிருந்து வந்த மரத்தைத்தான் சாயங்காலம் கையில் பிடிக்கிறோம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மேல் தகட்டுக்கு 'லிம்பா'. இதை நாம் சொந்தக்காரன் என்றே சொல்லலாம். நம் மருது, கடுக்காய், தான்றி, தெருவோரத்தில் பசங்கள் கொட்டை பொறுக்கும் நாட்டு வாதாம், இவை எல்லாம் ஒரே பேரினம். டெர்மினாலியா என்பது தாவரவியல் பெயர். லிம்பாவும் அதே பேரினம்தான். கொஞ்சம் மிருதுவான மேல்பரப்பு கொண்டது. பந்தைச் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். 'சற்று நேரம்' என்றால் எவ்வளவு? பந்து பேட்டில் தங்குவதே ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் வித்தியாசம் கையில் தெரிகிறதா என்று கேட்பீர்கள். தெரிகிறது. மிருதங்க வித்வான் இரண்டு பலாக் கட்டைகளைத் தட்டிப் பார்த்து ஒன்றை ஒதுக்குகிறாரே, அவருக்கும் அந்த அளவு நேரம்தான்.

லிம்பாவுக்குப் பதில் கோட்டோ, வால்நட் போன்ற கடினமான மரத்தை மேலே போட்டால் பந்து சீக்கிரம் கிளம்பும், சத்தம் கூர்மையாக இருக்கும். நேராக அடிக்கிறவர்களுக்கு, மேஜைக்கு ஒட்டி நின்று ஸ்மாஷ் செய்கிறவர்களுக்கு அது பிடிக்கும். பந்தைச் சுழற்றித் தூக்குகிற லூப் ஆட்டக்காரர்களுக்கு லிம்பா பிடிக்கும். தடிமனும் சேர்ந்துகொள்ளும். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறும் என்பது தச்சர்கள் அனுபவத்தில் அறிந்த கணக்கு. அதே மரத்தில் 5.5 மில்லிமீட்டர் கட்டையை 6 மில்லிமீட்டர் ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்று கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

லூப் ஆட்டத்தின் வலிமையை இந்தியாவே நேரில் பார்த்தது 1975-இல். கல்கத்தாவில் உலகப் போட்டி. ஹங்கேரியின் இஸ்த்வான் யோனியர் ஒற்றையர் பட்டம் வாங்கினார். மேஜையிலிருந்து தள்ளி நின்று, உடம்பு முழுக்கச் சுழற்றி பந்தைத் தூக்கி அடிக்கும் ஆட்டம். பேனாப் பிடிக்காரர்கள் மேஜையோடு ஒட்டி நின்று அடிப்பதற்கு ஐரோப்பா கண்டுபிடித்த பதில் அது. அந்த ஆட்டத்துக்கு மிகவும் விறைத்த கட்டை ஆகாது. பந்து ரப்பரில் சுழல் ஏறுமுன்பே கிளம்பிவிடும். சீனர்களும் ஐரோப்பிய மரத்தை விடவில்லை. 1996 ஒலிம்பிக்கிலும் 1999 உலகப் போட்டியிலும் ஒற்றையர் பட்டம் வாங்கிய லியூ குவோலியாங், பேனாப் பிடி என்றாலும், கையில் வைத்திருந்தது ஸ்டீகாவின் 'கிளிப்பர்'. 7 ப்ளை, முழுக்க மரம். கார்பன் இல்லை. அவரைவிட வேகமாக அடித்தவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

வேகத்தைக் கட்டையில் தேடாமல் வேறு இடத்தில் தேடினவர்களும் உண்டு. ஐரோப்பாவில் சிலர், சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி ரப்பரை ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் ஸ்பாஞ்சு ஊதிக்கொண்டு விறைக்கும், பந்து பறக்கும், சத்தமும் கணீரென்று வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் புதிதாகத் தடவ வேண்டும். அறை முழுக்க நெடி. உடம்புக்குக் கெடுதல் என்று 2008-இல் சம்மேளனம் அந்தப் பசைகளைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 2000-இல் பந்தை 38-இலிருந்து 40 மில்லிமீட்டர் ஆக்கி வேகத்தைக் குறைத்திருந்தார்கள். 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. சுழலும் குறைந்தது.

இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க, அடித்து ஆடுகிறவர்கள் இழந்த வேகத்தை மரத்துக்குள் தேடப் போனார்கள். கார்பன் பெருகியதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். ஜப்பானின் பட்டர்ஃபிளை கம்பெனி கார்பனோடு 'ஆரிலேட்' என்ற இன்னொரு இழையைச் சேர்த்து நெய்து வைத்தது. ஆரிலேட் அதிர்வைக் குறைக்கும், கார்பன் விறைப்பைக் கூட்டும். அவர்களுடைய 'விஸ்கேரியா' என்ற கட்டையை வெட்டிப் பார்த்தால், மேலே கோட்டோ, அடுத்து அந்த இழை, பிறகு லிம்பா, நடுவில் கிரி என்ற மிக இலேசான மரம். இன்று பெரிய போட்டிகளில் பலர் கையில் இருப்பது இதுவோ இதைப் போன்ற ஒன்றோதான். சில மாதிரிகளில் இழையை நடு மரத்தை ஒட்டி உள்ளே தள்ளி வைப்பார்கள். மெதுவாக அடித்தால் மரம் போல, ஓங்கி அடித்தால் கார்பன் போல இருக்கும்.

குறை என்ன? சாதாரண மரத்தில் பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் கை உடனே சொல்லும். கார்பன் கட்டையில் நன்றாகப் பட்ட இடம் பெரியது. தப்பாகப் பட்டதும் நன்றாகப் பட்டது போலவே இருக்கும். பத்து வருடம் ஆடினவனுக்கு அது வரம். பன்னிரண்டு வயதுப் பையன் எதை வைத்துக் கற்றுக்கொள்வான்?

நம் ஊர்க் கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் தொழிலாளர்கள் மீரட்டிலும் ஜலந்தரிலும் குடியேறினார்கள். நம் பள்ளிகளிலும் மனமகிழ் மன்றங்களிலும் புழங்கிய பேட்டுகளில் பெரும்பாலானவை மீரட் சரக்கு. அவற்றைக் குறை சொல்வது சுலபம். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் மன்றத்துக்குக் கொட்டேஷன் கேட்டு, மூன்றில் குறைந்த விலையை ஏற்று ஆறு பேட் வாங்கினார்கள். மூன்றாவது மாதம் ரப்பர் தனி, கட்டை தனி, கைப்பிடி தனி. ஆனால் அது மீரட்டின் குற்றம் இல்லை, குறைந்த விலையின் குற்றம். அதே ஊர்ச் சரக்கில் நல்ல 5 ப்ளைக் கட்டை அப்போதும் கிடைத்தது, இப்போதும் கிடைக்கிறது.

சென்னையில் வளர்ந்த ஷரத் கமல் 2006-இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வாங்கினார். பதினாறு வருடம் கழித்து, 40 வயதில், 2022 பர்மிங்காமில் அதே தங்கத்தை மறுபடி வாங்கினார். அந்தப் பதினாறு வருடத்தில் பசை மாறியது, பந்து மாறியது, எதிராளிகள் ஒரு தலைமுறை மாறிவிட்டார்கள். முன்னங்கை அடி மாறவில்லை. என் பிரெஞ்சுப் பாசத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: 17 வயதில் பாரிஸில் ஒற்றையர் வெண்கலம் வாங்கிய ஃபெலிக்ஸ் லெப்ரன் ஆடுவது, ஐரோப்பாவில் அபூர்வமான அந்தப் பேனாப் பிடியில்.

நண்பரின் பேரன் விஷயம். 5 ப்ளை, முழு மரம், மேலே லிம்பா. எடை 85 கிராம் சுற்றி. கடைக்காரர் 'ஆல்ரவுண்ட்' அல்லது 'ஆஃபென்சிவ் மைனஸ்' என்று எழுதியிருப்பதை எடுத்துக் காட்டுவார், இரண்டில் எதுவும் சரி. கார்பன் விலையில் பாதிகூட ஆகாது. மிச்சப் பணத்தில் ரப்பரை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். பையன் 'வேகம் போதவில்லை' என்றால் முதலில் ஸ்பாஞ்சின் தடிமனைக் கூட்டிப் பாருங்கள், கட்டையை அப்புறம் பார்க்கலாம். ரப்பரை உரிக்கும்போது ரேகை ஓடும் திசையோடு சாய்வாக, மெதுவாக உரிக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் லிம்பா நார் நாராகக் கையோடு வரும். வெயிலில் நிற்கும் காரிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைக்க வேண்டாம். புதுக்கோட்டை சித்திரை வெயிலுக்கு ஸ்பாஞ்சும் பசையும் தாங்காது.